விருப்பப் பட்டியலில் கோடு போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான நாளிலிருந்து, எந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று சொல்லும் அட்டவணைகள் உங்கள் நாளிதழிலும் பிற நாளிதழ்களிலும் நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வரும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கடலூர் மாவட்டப் பள்ளிகளில் கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த அட்டவணைகளைப் படிக்கும் விதத்தில் நேர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெருந்தவறைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்குச் சில நாட்கள் முன்பு, தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். தாய் மீன் வியாபாரம் செய்பவர். மகள் கணிதத்தில் 86, இயற்பியலில் 79, வேதியியலில் 84 எடுத்திருந்தாள். கணித மதிப்பெண்ணை முழுதாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால் 200க்கு 167.5 கட் ஆஃப். தான் சேர விரும்பிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் கோடு போட்ட நோட்டுத்தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். மொத்தம் 31 வரிகள். அவற்றில் முதல் 22 வரிகள் சிவப்புப் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. நகரில் கல்வி ஆலோசனை என்று பலகை வைத்திருக்கும் ஒருவரிடம் கட்டணம் செலுத்திக் கேட்டதில், "இந்த மார்க்குக்கு இதெல்லாம் கனவுலயும் கிடைக்காது" என்று அவர் அடித்துக் கொடுத்தாராம். தாளின் பின்பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் மேனேஜ்மென்ட் சீட்டுக்கான தொகையையும், அந்த வாரத்துக்குள் கட்ட வேண்டிய முன்பணத்தையும் அவரே எழுதியிருந்தார். தாய் கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள், மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து, கூட்டுறவுச் சங்கத்தில் நகை அடகு வைத்த ரசீதும் இருந்தது.

"சார், அவர் சொன்னது நிஜம்தானுங்களா? பணத்தைக் கட்டிடலாமா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

நான் அந்த மாணவியிடம் முதலில் கேட்டது அவளுடைய தரவரிசை எண்ணை. பொதுத் தரவரிசை ஒன்று, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்குள் அவளுடைய தரவரிசை ஒன்று என இரண்டு எண்கள் அவளிடம் இருந்தன. ஆலோசனை சொன்னவர் அவ்விரண்டையும் கேட்கவே இல்லை. அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்பதையும் கேட்கவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை தருகிறது என்ற செய்தியே அந்த வீட்டுக்குத் தெரியாது.

ஆசிரியர் அவர்களே, ஒரு பிள்ளைக்குக் கல்லூரி கிடைக்கும் வாய்ப்பை மதிப்பிடுவதில் முதற்பிழை இங்கேதான் தொடங்குகிறது. சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் கடைசியாக இடம் பெற்ற மாணவரின் மதிப்பெண்ணை, இந்த ஆண்டு நுழைவதற்கான தகுதி மதிப்பெண்ணாக நாம் படிக்கிறோம். அப்படி ஒரு தகுதி மதிப்பெண்ணை எந்தக் கல்லூரியும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. வினாத்தாள் எளிதாக இருந்தால் அது ஏறுகிறது, கணித வினாத்தாள் கடினமாக இருந்தால் இறங்குகிறது, ஒரு பாடப்பிரிவில் இடங்கள் கூட்டப்பட்டால் மறுபடியும் இறங்குகிறது. மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு அலைந்தாலும், தரவரிசை எண் அந்த அளவுக்கு அலைவதில்லை. எத்தனையாவது ஆளாக வரிசையில் நிற்கிறோம் என்பதுதான் கேள்வியே தவிர, கையில் எத்தனை மதிப்பெண் இருக்கிறது என்பதல்ல.

இதற்கு நீட் தேர்வைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2024இல் திருத்தப்பட்ட பட்டியலிலேயே 17 பேர் 720க்கு 720 எடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு, 2025இல், நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் எடுத்த மதிப்பெண் 686. முந்தைய ஆண்டின் அட்டவணையை வைத்துக்கொண்டு 2025இல் வாய்ப்பைக் கணித்திருந்தால், நாட்டின் முதல் மாணவருக்கே வரிசையில் எங்கோ பின்னால் ஓர் இடத்தைத்தான் காட்டியிருப்போம். புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவக் கல்லூரியான ஜிப்மர் கிடைக்குமா என்று கேட்டுவரும் புதுச்சேரிப் பெற்றோருக்கு நான் இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் சொல்கிறேன். 2019 வரை ஜிப்மருக்குத் தனி நுழைவுத் தேர்வு இருந்தது, 2020 முதல் அங்கும் நீட் தரவரிசைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய தேர்வுக் காலத்து நினைவிலிருந்து உறவினர் சொல்லும் கணக்குகள் இன்னும் வீடுகளில் நடமாடுகின்றன.

பொறியியலில் 2021ஆம் ஆண்டின் எண்களைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். கொரோனாவால் பொதுத்தேர்வு ரத்தான அந்த ஆண்டில், பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று மதிப்பெண் கணக்கிடப்பட்டது. வேறு எந்த ஆண்டோடும் ஒப்பிட முடியாத மதிப்பெண்கள் அவை. போதாததற்கு, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காடு அந்த ஓர் ஆண்டில் உள்ஒதுக்கீடாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் இறுதியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்தப் பிரிப்பு நீங்கியது. ஆகவே அவ்வாண்டின் பிரிவுவாரி எண்களை இன்றைய எண்களோடு சேர்த்துச் சராசரி எடுப்பது பொருளற்றது. ஆனால் கைபேசியில் கிடைக்கும் கணிப்புப் பட்டியல்கள் சிலவற்றில் அந்த ஆண்டும் எந்தக் குறிப்பும் இல்லாமல் சேர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். கடலூர் மாவட்டத்தில் இதனால் குழம்பாத குடும்பம் குறைவு.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வாய்ப்பை எவ்வளவு சரியாக மதிப்பிட்டாலும், அந்த மதிப்பீட்டை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது. இணையவழிக் கலந்தாய்வில் ஒரு மாணவர் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தி எழுதலாம். ஒதுக்கீடு செய்யும் கணினி, தரவரிசையில் முன்னால் நிற்பவரை முதலில் எடுத்து, அவருடைய விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வருகிறது. எந்த வரியில் பொதுப்பிரிவிலோ அவருடைய இடஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் காலியாக இருக்கிறதோ, அந்த வரியை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. முதல் 20 வரிகளில் இடம் இல்லை என்றால் 21ஆவது வரியைப் பார்க்கும். எட்டாத கல்லூரியை மேலே எழுதியதற்காக எந்த மாணவருக்கும் எந்த இழப்பும் ஏற்படுவதில்லை. எழுதாமல் விட்ட கல்லூரி மட்டும், இடம் காலியாக இருந்தாலும், அந்த மாணவருக்கு ஒருபோதும் வராது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். 2019இல், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த என் மாணவன் ஒருவன் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் அமைப்பியல் பிரிவை முதல் விருப்பமாக எழுதியிருந்தான். முந்தைய ஆண்டின் எண்ணைப் பார்த்துவிட்டு, "அது வராதுப்பா, வீணா எதுக்கு?" என்று நான்தான் நீக்கச் சொன்னேன். ஆசிரியர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனும் நீக்கிவிட்டான். ஒதுக்கீடு வெளியானபோது, அதே இடஒதுக்கீட்டுப் பிரிவில் அவனுக்குப் பின்னால் தரவரிசையில் நின்ற வேறொரு மாணவனுக்கு அந்த இடம் போயிருந்தது. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு கல்லூரியில் சேர்ந்து படித்து வேலைக்கும் போய்விட்டான். இருந்தாலும் அந்த வரியை நீக்கச் சொன்ன கை என்னுடையது என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் பட்டியலிலும் நான் கோடு போடுவதில்லை. வாய்ப்புக் குறைவு என்று தோன்றினால், அதைச் சொல்லிவிட்டு, அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இன்னும் பத்து வரிகளைச் சேர்க்கச் சொல்கிறேன். மதிப்பீடு செய்ய வேண்டிய வேலை அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. மேலே உள்ள ஆசைகள் தவறிப்போனாலும் பிள்ளை வெறுங்கையோடு நிற்காதபடி, நிச்சயம் எட்டக்கூடிய, படிக்கத் தகுந்த கல்லூரிகள் பட்டியலின் அடிப்பகுதியில் போதுமான அளவுக்கு இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே கடந்த ஆண்டுகளின் எண்கள் பயன்பட வேண்டும்.

தேவனாம்பட்டினத்து மாணவியின் பட்டியலுக்கும் அதையேதான் செய்தோம். அடிக்கப்பட்ட 22 வரிகளையும் புதிய தாளில் மறுபடி எழுதச் சொன்னேன். சில இடங்களில் வரிசையை மாற்றினாள், கீழே பதினைந்து வரிகள் சேர்த்தாள். முன்பணம் கட்டவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மறுநாளே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தார்கள். இரண்டாம் சுற்றில் பண்ருட்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு அவளுக்கு ஒதுக்கப்பட்டது. சிவப்புப் பேனாவால் அடிக்கப்பட்டிருந்த பதினெட்டாவது வரி அது. நகையை மீட்டுவிட்டதாக அந்தத் தாய் பின்னொரு நாள் மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

பொறியியலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் முறையல்ல. நம் பகுதியில் பெரும்பாலான பிள்ளைகள் நாடுவது கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி, விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றைத்தான். இங்கே நடக்கும் பிழை வேறு. "அறுநூறுக்கு நானூற்று எழுபது எடுத்திருக்கான், பி.காம். கிடைச்சிடும்" என்று நம்பி ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை தயாராகிறது. அந்த 470இல் தமிழில் 92, ஆங்கிலத்தில் 84 என்றிருந்தால், தரவரிசைக்கு எஞ்சுவது 400க்கு 294 மட்டுமே. அதே மாணவன் பி.ஏ. தமிழுக்கு விண்ணப்பித்திருந்தால் அவனுடைய 92 மதிப்பெண்ணே அவனை வரிசையில் முன்னால் நிறுத்தியிருக்கும். தமிழ் இலக்கியப் படிப்புக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும்தான் பார்க்கப்படுகின்றன. விண்ணப்பம் நிரப்பும் நாளில் இதைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ளது. பொறியியலில் இவ்வழியில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதற்குத் தனித் தரவரிசை உண்டு என்பதால், பொதுவான அட்டவணையில் தன் எண்ணைத் தேடிப் பார்த்து மனம் சோர்ந்துபோகும் அரசுப் பள்ளி மாணவர், தனக்கு உரிய கதவை விட்டுவிட்டு வேறு கதவின் முன் நிற்கிறார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்ததற்கான சான்றை வாங்கி வைக்கும்படி தலைமையாசிரியர்கள் தேர்வுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. விடுமுறையில் பள்ளி பள்ளியாக அலையும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பாகூர் பக்கத்திலும் நெட்டப்பாக்கம் பக்கத்திலும் தெருவுக்குத் தெரு மாநிலம் மாறுகிறது. வீடு கடலூர் மாவட்டத்தில் இருக்க, பிள்ளை புதுச்சேரிப் பள்ளியில் படிப்பதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் இங்கே இயல்பு. புதுச்சேரி மாணவர்களுக்கான சேர்க்கையை அங்குள்ள அரசின் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக் நடத்துகிறது. அதன் இடஒதுக்கீட்டு விகிதமும் சாதிப் பட்டியலும் தமிழ்நாட்டிலிருந்து வேறுபடுகின்றன. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்குப் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டியதில்லை. எல்லையைக் கடந்து புதுச்சேரியில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது கட்டாயம். அது இல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வாய்ப்பைக் கணிப்பவர் அரைக் கணக்குத்தான் போடுகிறார். போதாக்குறைக்கு, புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறி, 2025இல்தான் முதன்முறையாக அவ்வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதின. அதற்கு முந்தைய சென்டாக் எண்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்ட மதிப்பெண்களால் அமைந்தவை. அவற்றை வைத்து இன்றைய புதுச்சேரி மாணவருக்கு ஆறுதலோ அச்சமோ ஊட்டுவது தவறு.

மேனேஜ்மென்ட் சீட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சிறுபான்மை நிறுவனம் அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டையும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசுக் கலந்தாய்வுக்குத் தருகின்றன. ஆலோசகர் "கடைசி இரண்டு சீட்" என்று சொல்லும் அதே கல்லூரியில், கலந்தாய்வு வழியாகச் சேர அந்த இடங்கள் காத்திருக்கின்றன. அவசரப்பட்டுப் பணம் கட்டிவிட்ட பெற்றோரும் கலங்க வேண்டியதில்லை. வகுப்பு தொடங்கும் முன் விலகும் மாணவரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யக் கூடாது, அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. அதை எழுத்துமூலம் கேட்கும்போது பல இடங்களில் பேச்சு மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் நாளிதழை நான் கேட்டுக்கொள்வது இதுதான். அட்டவணை வெளியிடும்போது மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பொதுத் தரவரிசையையும் பிரிவுத் தரவரிசையையும் அச்சிடுங்கள். ஓர் ஆண்டுக்குப் பதிலாக மூன்று ஆண்டுகளின் எண்களை அடுத்தடுத்துப் போட்டால், எந்தக் கல்லூரியின் எண் நிலையாக நிற்கிறது, எது ஏறி இறங்குகிறது என்பதைப் படிப்பவர் தாமே கண்டுகொள்வார். எதிர்பார்க்கப்படும் கட் ஆஃப் என்று புள்ளி ஐந்து வரைக்கும் துல்லியமாக எண் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். விருப்பப் பட்டியலுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்ற ஒரு வரியை, அந்த அட்டவணையின் தலையிலேயே தடித்த எழுத்தில் போட்டால் மிகப் பெரிய உதவியாக இருக்கும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நான் பணியிலிருந்தபோது நீளக் கணக்குப் புத்தகம் ஒன்றில், எங்கள் பள்ளியில் படித்து வெளியேறிய ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் தரவரிசையையும் சேர்ந்த கல்லூரியையும் எழுதி வைத்தேன். பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட 2007ஆம் ஆண்டிலிருந்து அதில் பதிவுகள் இருக்கின்றன. தம் பள்ளியின் அக்கா ஒருவர் இந்தத் தரவரிசைக்கு இந்தக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார் என்று அதில் விரல் வைத்துக் காட்டும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் தெளிவு எந்த இணையக் கணிப்பாலும் வந்ததில்லை. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் இப்படி ஒரு புத்தகம் தொடங்க ஒரு ஆசிரியரும் ஒரு பேனாவும் போதும். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் நடக்கும் வழிகாட்டி நிகழ்ச்சிகள் பயனுள்ளவைதான். ஆனால் அரங்கில் ஆயிரம் பேரோடு உட்கார்ந்து கேட்ட பிள்ளைக்கும், விருப்பப் பட்டியல் பூட்டப்படும் அந்த இரண்டு மூன்று நாட்களில் தன் தாளைத் தன் ஆசிரியரிடம் நீட்டிக் கேட்க ஓர் இடம் வேண்டும். அந்த நாட்களில் மட்டுமாவது பள்ளியின் கணினி அறையைத் திறந்து வைத்து, இரண்டு ஆசிரியர்களை அங்கே அமரச் செய்யும்படி கடலூர், புதுச்சேரி கல்வித் துறை அலுவலர்களை உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் ஊதியம் எதிர்பாராமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். அழைத்தால் என் கணக்குப் புத்தகத்தோடு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.